ஓவியத்திலிருந்து இறங்கி வந்த நாய்

1926ஆம் ஆண்டு லண்டன் இஸ்லிங்டனில் நடந்த கிரஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சியின் விவரப் புத்தகத்தில் ஒரு பரிசு அறிவிப்பு வெளிவந்தது. கொடுத்தவர் அமெரிக்காவின் லாங் ஐலண்டைச் சேர்ந்த ராஸ்வெல் எல்ட்ரிட்ஜ். பழைய வகை பிளென்ஹைம் ஸ்பானியலில் சிறந்த ஆணுக்கு 25 பவுன், சிறந்த பெண்ணுக்கு 25 பவுன். பழைய வகை எது என்பதற்கும் அவரே இலக்கணம் சொல்லியிருந்தார். இரண்டாம் சார்லஸ் மன்னர் காலத்து ஓவியங்களில் உள்ளதுபோல் முகம் நீண்டிருக்க வேண்டும். மண்டை தட்டையாக இருக்க வேண்டும், உச்சி குவிந்திருக்கக் கூடாது. தலையின் நடுவில் செம்புள்ளி இருக்க வேண்டும்.

உயிருள்ள ஒரு விலங்குக்கு ஓவியத்தை அளவுகோலாக வைத்த அறிவிப்பு இது. அந்த ஓவியங்களில் கண்ட நாயைத் தேடித்தான் எல்ட்ரிட்ஜ் இங்கிலாந்துக்கு வந்தார். சின்ன ஸ்பானியல்கள் ஏராளமாக இருந்தன. ஆனால் எல்லாம் சப்பை மூக்கு, உருண்டைத் தலை. அவர் தேடிய முகம் மண்ணில் இல்லை, சுவரில் மாட்டிய படங்களில் மட்டும் இருந்தது. அதை மறுபடியும் மண்ணுக்குக் கொண்டுவரப் பணம் கொடுக்க முன்வந்தார். இன்று கேவலியர் கிங் சார்லஸ் ஸ்பானியல் என்று உலகம் அறிந்த நாய் அப்படித்தான் உருவாயிற்று. ஏறத்தாழ நூறாண்டு கண்ட இந்த முயற்சியில், ஓர் உயிரினத்தைக் கண்ணால் மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் என்ன நேரும் என்பதற்கு உயிரியல் வேறெங்கும் எளிதில் தராத பாடம் இருக்கிறது.

ஸ்பானியல்கள் அடிப்படையில் வேட்டை நாய்கள். புதருக்குள் பதுங்கியிருக்கும் பறவையை மோப்பத்தால் கண்டறிந்து கிளப்பிவிடுவது அவற்றின் தொழில். துப்பாக்கி பரவுவதற்கு முன் வலையோடும் வல்லூறோடும் இவற்றைப் பழக்கினார்கள். இந்தக் குடும்பத்தின் சிறிய உருவங்கள் வீட்டுக்குள்ளேயே தங்கிவிட்டன. டிஷியன் 1538இல் முடித்த ‘உர்பினோவின் வீனஸ்’ ஓவியத்தில் படுத்திருக்கும் பெண்ணின் காலடியில் செவ்வெள்ளை நிறத்தில் ஒரு சின்ன நாய் சுருண்டு தூங்குகிறது. 1570இல் ஆங்கிலேய நாய்களைப் பற்றி லத்தீனில் நூல் எழுதிய மருத்துவர் ஜான் கீஸ் இத்தகைய மடிநாய்களைத் தனியாகவே குறிப்பிடுகிறார். வயிற்று வலிக்காரர்கள் வயிற்றின்மேல் வைத்து அணைத்துக்கொண்டால் வலி தணியும் என்று நம்பினார் அவர். நாயின் உடல் வெப்பம் நம்முடையதைவிடச் சற்றுக் கூடுதல். ஆகவே ஒத்தடம் என்ற அளவில் அந்த வைத்தியம் வேலை செய்திருக்கும். 1635இல் வான் டைக் வரைந்த முதலாம் சார்லஸின் குழந்தைகளின் காலடியிலும் இரண்டு சின்ன ஸ்பானியல்கள் இருக்கின்றன.

அந்தக் குழந்தைகளில் மூத்தவன்தான் பிற்காலத்தில் இரண்டாம் சார்லஸ். 1660 முதல் 1685 வரை ஆண்டார். நாட்குறிப்பு எழுதிய சாமுவேல் பெப்பிஸ், 1667இல் அரசவைக் கூட்டத்தில் அலுவலைக் கவனிக்காமல் மன்னர் நாயோடு விளையாடிக்கொண்டிருந்ததை எரிச்சலோடு பதிந்திருக்கிறார். நாய்கள் மன்னரின் படுக்கையறையிலேயே குட்டி போட்டுப் பாலூட்டியதையும் அதனால் அரசவையே நாறியதையும் ஜான் ஈவ்லின் எழுதியிருக்கிறார். நாடாளுமன்றம் உட்பட எந்தப் பொது இடத்துக்குள்ளும் இந்த நாய்கள் நுழையலாம் என்று சார்லஸ் சட்டம் போட்டார், அது இன்றும் செல்லும் என்றொரு கதை புத்தகத்துக்குப் புத்தகம் தொடர்ந்து வருகிறது. அப்படி ஒரு சட்டம் இருப்பதற்குச் சான்று எதுவும் கிடைக்கவில்லை.

சார்லஸுக்குப் பின் செவ்வெள்ளை நாய்களை வளர்த்தவர்கள் மார்ல்பரோ பிரபுக்கள். 1704 ஆகஸ்டில் பிளென்ஹைம் போர்க்களத்தில் முதலாம் பிரபு பிரெஞ்சுப் படையோடு மோதிக்கொண்டிருந்தபோது, ஊரில் அவர் மனைவி சாரா சினைநாயை மடியில் வைத்துக்கொண்டு பதற்றத்தில் அதன் உச்சந்தலையைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே இருந்தாராம். பிறந்த குட்டிகளின் தலையில் அந்த விரலின் தடம் செம்புள்ளியாகப் பதிந்ததாம். பிளென்ஹைம் என்ற பெயரும் அந்தப் போரிலிருந்து வந்ததே. கதையைவிட உண்மை எனக்கு அழகாகத் தோன்றுகிறது. ரோமத்துக்கு நிறம் தரும் செல்கள் கருவின் முதுகோரத்தில் பிறந்து, உடலெங்கும் நடந்து சென்று சேர்கின்றன. வெள்ளைத் திட்டு உண்டாக்கும் மரபணு அந்தப் பயணத்தைக் குறுக்கிவிடுகிறது. செல்கள் போய்ச் சேராத இடமெல்லாம் வெள்ளை. எந்தச் செல் எதுவரை போகும் என்பதில் தற்செயலுக்கும் பங்கு உண்டு. அதனால்தான் நடுநெற்றிப் புள்ளியை எத்தனை தலைமுறை தேர்ந்தெடுத்தாலும் உத்தரவாதமாக வரவழைக்க முடிவதில்லை.

இந்த இனத்தின் நான்கு நிறங்களும் மரபியல் வகுப்புக்கென்றே அமைந்தவைபோல் இருக்கின்றன. நாயின் ரோமத்தில் இருப்பவை இரண்டே நிறமிகள், கருநிறமியும் செந்நிறமியும். எம்.சி.1.ஆர். என்ற மரபணு சரியாக வேலை செய்தால் கருநிறமி உண்டாகும். தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் அதன் பழுதான பிரதியே வந்து சேர்ந்தால் செந்நிறம் மட்டுமே மிஞ்சும். வெள்ளைத் திட்டைத் தீர்மானிப்பது எம்.ஐ.டி.எஃப். என்ற வேறொரு மரபணு. இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். சிவப்பும் வெள்ளையும் சேர்ந்தால் பிளென்ஹைம். வெள்ளை இல்லாத சிவப்பு ரூபி. கருப்போடு வெள்ளையும் புருவம், கன்னம் போன்ற இடங்களில் பழுப்பும் வந்தால் மூவண்ணம். வெள்ளை இல்லாமல் போனால் கருப்பு-பழுப்பு. இரண்டு ரூபிகளுக்குக் கருங்குட்டி பிறக்கவே முடியாது. ஆனால் இரண்டு கருப்பு-பழுப்பு நாய்களுக்கு, மறைவாக இரண்டு மரபணுக்களின் மாற்றுப் பிரதிகளும் இருந்தால், ஒரே ஈற்றில் நான்கு நிறக் குட்டிகளும் பிறக்கலாம். கண்ணுக்குத் தெரியாமல் தலைமுறைகளுக்குக் கீழே ஓடுவது எவ்வளவு என்பதை நிறமே காட்டிக்கொடுக்கிறது. நோய் இப்படி வெளிப்படையாகக் காட்டிக்கொடுப்பதில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ரசனை மாறியது. விக்டோரியா இளம்பெண்ணாக இருந்தபோது வளர்த்த டாஷ் என்ற மூவண்ண ஸ்பானியலின் முகம் இன்னும் நீளமாகவே இருந்தது. 1838இல் முடிசூடிக்கொண்டு அரண்மனை திரும்பிய ராணி அன்றும் அதைக் குளிப்பாட்டினார் என்பார்கள். பிறகு வந்த பத்தாண்டுகளில் மூக்கு குறுகத் தொடங்கியது, நெற்றி புடைத்தது, கண்கள் முன்னுக்கு வந்தன. பக், ஜப்பானிய சின் போன்ற சப்பை மூக்கு நாய்களின் கலப்பும் இதில் இருந்ததாகக் கருதப்படுகிறது. கண்காட்சி மேடையில் பரிசு வாங்கியவை அந்த முகங்களே. 1903இல், நாய் இனங்களைப் பதிவு செய்யும் பிரிட்டிஷ் அமைப்பான கென்னல் கிளப் நான்கு நிறங்களையும் ஒரே இனமாக இணைத்தது. ‘டாய் ஸ்பானியல்’ என்று பெயரிட இருந்ததை ஏழாம் எட்வர்ட் மன்னர் தடுத்து, கிங் சார்லஸ் என்ற பெயரைக் காப்பாற்றிக் கொடுத்தார். பெயர் சார்லஸுடையது. முகம் சார்லஸ் ஒருநாளும் பார்த்திராதது.

எல்ட்ரிட்ஜின் அறிவிப்பு அங்கேதான் வந்து விழுந்தது. சப்பை முகத்தை உருவாக்கப் பாடுபட்டவர்களுக்கு அது பின்னோக்கிய நடையாகத் தெரிந்தது, போட்டிக்கு வந்த நாய்களும் மிகச் சில. ஆனால் சப்பை மூக்குப் பெற்றோருக்கும் அவ்வப்போது நீள முகக் குட்டிகள் பிறந்துகொண்டுதான் இருந்தன. அதுவரை கழித்துக்கட்டப்பட்ட அந்தக் குட்டிகளுக்கு இப்போது மதிப்பு வந்தது. 1928இல் மோஸ்டின் வாக்கர் என்பவரின் ‘ஆன்ஸ் சன்’ பரிசை வென்றது. அதைப் பார்க்க எல்ட்ரிட்ஜ் உயிரோடு இல்லை. அதே கண்காட்சியில் சங்கம் தொடங்கினார்கள். ஆன்ஸ் சன்னையே மேசைமேல் நிறுத்தி, பழைய ஓவியங்களின் நகல்களைப் பக்கத்தில் வைத்து இனத்தின் இலக்கணத்தை எழுதினார்கள். ரோமத்தைக் கத்தரித்து உருவம் கொடுக்கக் கூடாது என்றும் அன்றே முடிவு செய்தார்கள், அந்த விதி இன்றும் இருக்கிறது. முன்னின்று உழைத்த அமிஸ் பிட்டும் அவர் தோழர்களும் பதினேழு ஆண்டுகள் காத்திருந்த பின், 1945இல் கென்னல் கிளப் இதைத் தனி இனமாக ஏற்றது. சப்பை முகக் கிங் சார்லஸும் நீள முகக் கேவலியரும் அன்றுமுதல் இரண்டு இனங்கள்.

அந்தப் பதினேழு ஆண்டுகளுக்குள் இரண்டாம் உலகப் போர் வந்துபோயிருந்தது. மனிதருக்கே உணவு அளந்து கொடுத்த நாட்டில் நாய்ப் பண்ணைகள் சுருங்கின. பிட்டின் பண்ணையில் அறுபதாக இருந்த நாய்கள் மூன்றாயின என்று இனத்தின் வரலாறு சொல்கிறது. ஏற்கெனவே சில நாய்களிலிருந்து தொடங்கிய கூட்டம், அதிலும் சிலவற்றின் வழியாக மட்டுமே மறுகரை சேர்ந்தது. மரபியலில் இதைக் குறுங்கழுத்து என்கிறோம். ஒரு வட்டாரம் முழுவதையும் ஒரே கைப்பிடி விதைநெல்லிலிருந்து விதைத்தால், அந்தக் கைப்பிடியில் இருந்த குணம்தான் வயலெங்கும் குணம், இருந்த பழுதுதான் வயலெங்கும் பழுது. நாய்க்கு 39 ஜோடி குரோமோசோம்கள். முகத்துக்காக ஒரு நாயைத் தேர்ந்தெடுக்கும்போது முகத்தை வடிக்கும் சில மரபணுக்கள் மட்டும் வருவதில்லை. அவற்றை அடுத்து உட்கார்ந்திருப்பவையும் ஒரே துண்டாகக் கூட வருகின்றன. பதிவேட்டை மூடி, பதிவான பெற்றோரின் குட்டிகளை மட்டும் ஏற்பது என்று விதி செய்துவிட்டால் வெளியிலிருந்து மாற்று எதுவும் வராது. பெயர்பெற்ற ஓர் ஆண்நாய் நூற்றுக்கணக்கான குட்டிகளுக்குத் தந்தையானால் கழுத்து இன்னும் குறுகுகிறது.

அந்தக் கைப்பிடியில் இருந்த பழுதுகளில் பெரியது இதயத்தில் இருந்தது.

நாயின் இதயத்துக்கும் நம்முடையதைப் போல நான்கு அறைகள். இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே இருப்பது மைட்ரல் வால்வு. மெல்லிய இரண்டு இதழ்கள், அவற்றைப் பின்னுக்கு மடங்காமல் இழுத்துப் பிடிக்கும் நார்கள். நிமிடத்துக்கு நூறு துடிப்பு என்று வைத்தால் ஒரு நாளில் 1,44,000 முறை அது திறந்து மூட வேண்டும். கேவலியர்களில் இந்த இதழ்கள் இளமையிலேயே தடித்து, ஓரம் முடிச்சுவிட்டு, நார்கள் தளர்கின்றன. முழுமையாக மூடாத வால்வின் இடைவெளியில் ஒவ்வொரு துடிப்பிலும் கொஞ்சம் இரத்தம் பின்னோக்கிப் பீய்ச்சுகிறது. ஸ்டெதஸ்கோப்பில் அது ஓர் இரைச்சலாகக் கேட்கும், மருத்துவர்கள் மர்மர் என்பது இதைத்தான். மேலறை மெல்ல மெல்ல விரிகிறது. ஆண்டுகள் கழித்து நுரையீரலில் நீர் கோக்கிறது, மூச்சு வாங்குகிறது. மற்றச் சிறு இன நாய்களுக்கும் முதுமையில் வரும் நோய்தான் இது. கேவலியருக்கு முன்கூட்டியே வருகிறது என்பதே துயரம். ஐந்து வயதுக்குள் ஏறத்தாழப் பாதி நாய்களுக்கு மர்மர் வந்துவிடுகிறது. பத்து வயதில் இல்லாத நாயைக் காண்பது அரிது.

இவ்வளவு பரவலான நோயைத் தலைமுறைகளின் தேர்வு ஏன் வடிகட்டவில்லை? விடை வயதில் இருக்கிறது. நாய் ஒன்றரை, இரண்டு வயதில் குட்டி போடுகிறது. அப்போது இதயம் தெளிவாகத்தான் ஒலிக்கும். ஐந்தாம் வயதில் மர்மர் கேட்கும்போது அதன் பேரக்குட்டிகள் வேறு வேறு வீடுகளில் வளர்ந்துகொண்டிருக்கும். இனப்பெருக்க வயதைத் தாண்டி வெளிப்படும் கேட்டை இயற்கைத் தேர்வு சரியாகப் பார்ப்பதில்லை என்பதை, மனிதர்களின் ஹன்டிங்டன் நோயை வைத்து 1941இல் எடுத்துக்காட்டியவர் மரபியலாளர் ஜே. பி. எஸ். ஹால்டேன். பின்னாளில் இந்தியக் குடிமகனாகிப் புவனேசுவரத்தில் மறைந்த அதே ஹால்டேன்தான். இயற்கை பார்க்காததைக் கண்காட்சி நடுவரும் பார்ப்பதில்லை. அவர் முன் நிற்பது இளமையின் உச்சத்தில் உள்ள நாய்.

2021இல் சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எரிக் ஆக்செல்சனும் குழுவினரும் எட்டு இனங்களைச் சேர்ந்த நாய்களின் முழு மரபணுத் தொகுதியை ஒப்பிட்டார்கள். கேடு தரக்கூடிய மாற்றங்கள் கேவலியரில்தான் அதிகமாக இருந்தன. இதயத் தசையில் வேலை செய்யும் நெபுலெட் என்ற புரதத்தின் மரபணுவோடு சேர்ந்த இரண்டு மாற்றங்கள் இந்த இனத்தில் ஏறக்குறைய எல்லா நாய்களிலும் நிலைபெற்றுவிட்டதையும் கண்டார்கள். எல்லாரிடமும் இருக்கும் ஒன்றைத் தேர்ந்து நீக்க முடியாது. நீக்க வேண்டுமானால் அது இல்லாத ஒருவர் வெளியிலிருந்து வர வேண்டும்.

இரண்டாவது பழுது முகத்தோடு நேரடியாகவே தொடர்புடையது. உருவத்தைச் சிறிதாக்கி மண்டையைக் குறுக்கியபோது மூளை அதே விகிதத்தில் சிறுக்கவில்லை. பின்மண்டையில் இடம் போதாமல், சிறுமூளை கீழே தண்டுவடம் வெளியேறும் துளையை நோக்கி நெருக்கப்படுகிறது. மனிதர்களிடம் இத்தகைய அமைப்பை 1891இல் விவரித்த ஹான்ஸ் கியாரியின் பெயரால் இதையும் அழைக்கிறார்கள். மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்த நீர் ஒவ்வோர் இதயத் துடிப்புக்கும் மேலும் கீழும் அசைய வேண்டியது. அந்தக் குறுகிய வாயிலில் அதன் ஓட்டம் தடுமாறும்போது தண்டுவடத்துக்குள்ளேயே நீர்க்குழிகள் உண்டாகின்றன. சிரிங்கோமைலியா என்பது அதன் பெயர். வெளியே நோய்க்குறி எதுவும் இல்லாத 555 கேவலியர்களை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2011இல் வெளிவந்தது. ஒரு வயது நாய்களில் நூற்றுக்கு 25க்கும், ஆறு வயதும் அதற்கு மேலும் ஆனவற்றில் நூற்றுக்கு 70க்கும் அந்தக் குழிகள் இருந்தன.

குழி உள்ள எல்லா நாய்க்கும் வலி வருவதில்லை. வருகிற நாயைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். சங்கிலி பிடித்து நடக்கும்போது திடீரென்று நின்று, பின்னங்காலைத் தூக்கித் தோள்பக்கம் சொறியும். கால் தோலைத் தொடாது, காற்றைத்தான் கீறும். தண்டுவடத்தில் அறுந்துபோன உணர்வுப் பாதை தோலில் இல்லாத அரிப்பை இருப்பதாகச் சொல்கிறது. சில நாய்கள் தூக்கும்போது கத்தும், தலையை உயர்த்தி வைத்துக்கொண்டு தூங்கும், இரவில் முனகும். பல ஆண்டுகளாக இவற்றைக் காது நோய் என்றும் தோல் ஒவ்வாமை என்றும் எண்ணி மருந்து கொடுத்துவந்தார்கள். பிரிட்டனின் கால்நடை நரம்பியல் மருத்துவர் கிளேர் ரஸ்பிரிட்ஜின் நீண்ட கால உழைப்புதான் இது இந்த இனத்தின் பரவலான நோய் என்று நிறுவியது. 2008இல் பி.பி.சி. ஒளிபரப்பிய ‘பெடிகிரி டாக்ஸ் எக்ஸ்போஸ்ட்’ ஆவணப்படத்தில் வலியில் துடித்த ஒரு கேவலியரைப் பிரிட்டன் முழுவதும் பார்த்தது. அடுத்த ஆண்டு பி.பி.சி. கிரஃப்ட்ஸை ஒளிபரப்பவில்லை.

வழக்கு நீதிமன்றம் வரைக்கும் போன நாடு நார்வே. ஆரோக்கியமான, வலுவான விலங்குகளைத் தரும் வகையிலேயே இனப்பெருக்கம் இருக்க வேண்டும் என்று அந்நாட்டு விலங்கு நலச் சட்டத்தின் 25ஆம் பிரிவு சொல்கிறது. விலங்கு நல அமைப்பு ஒன்று அந்நாட்டுக் கென்னல் கிளப் மீதும் வளர்ப்போர் மீதும் வழக்குத் தொடுத்தது. 2022 ஜனவரியில் ஆஸ்லோ மாவட்ட நீதிமன்றம் கேவலியர், இங்கிலீஷ் புல்டாக் இரண்டின் இனப்பெருக்கமும் சட்ட விரோதம் என்றது. மேல்முறையீட்டில் புல்டாக் வளர்ப்போர் தப்பினர். கேவலியர் மீதான தீர்ப்பை 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றமே உறுதி செய்தது. நாயை வைத்துக்கொள்வதற்குத் தடை இல்லை. இந்த மூடிய வட்டத்துக்குள்ளேயே மறுபடி மறுபடி இணை சேர்ப்பதுதான் குற்றம். அறிவியல் திட்டத்தோடு வேற்று இனக் கலப்பு செய்வதற்கு வழி திறந்தே இருக்கிறது. இந்தத் தீர்ப்பு நாய்ப்பிரியர்களுக்கு எதிரானது என்று பலர் எழுதினார்கள். நாயின் பக்கம் நின்று வாசித்தால் அப்படித் தெரியவில்லை.

வட்டத்துக்குள்ளிருந்தே கொஞ்சம் மீட்க முடியும் என்று காட்டியது டென்மார்க். மர்மரின் தீவிரத்தில் நாய்க்கு நாய் காணும் வேறுபாட்டில் மூன்றில் இரண்டு பங்கு மரபால் வருவது என்று 2011இல் பிரிட்டிஷ் ஆய்வு ஒன்று கணக்கிட்டது. அவ்வளவு மரபுத் தன்மை உள்ள குணம் தேர்வுக்கு இணங்க வேண்டும். டென்மார்க்கில் இணை சேர்க்கும் முன் நாயின் இதயத்தை ஸ்டெதஸ்கோப்பால் கேட்பதோடு எக்கோவும் எடுத்துத் தேற வேண்டும் என்று கட்டாயமாக்கினார்கள். 2002-2003இல் பரிசோதித்த நாய்களோடு 2010-2011இல் பரிசோதித்தவற்றை ஒப்பிட்டபோது, தேறிய பெற்றோரின் குட்டிகளுக்கு நோய் வரும் வாய்ப்பு 73 விழுக்காடு குறைந்திருந்தது. கட்டாயமில்லாத திட்டத்தில் அந்த மாற்றம் இல்லை. சுவீடன் ஸ்டெதஸ்கோப்பை மட்டும் நம்பியது. 2010இல் அங்கு நடந்த மதிப்பீட்டில் நோய் குறைந்ததாகத் தெரியவில்லை. தேர்வு என்ற கருவி இரு நாடுகளிலும் ஒன்றுதான். எவ்வளவு கூர்மையாகப் பார்த்துத் தேர்ந்தார்கள் என்பதில்தான் வேறுபாடு.

ஒற்றை மரபணு நோய்கள் இன்னும் எளிதாக அடங்குகின்றன. உற்சாகத்தில் ஓடும்போது திடீரெனத் தசைகள் விறைத்து நாய் சாய்ந்துவிடும் ஒரு கோளாறு இந்த இனத்துக்கு உண்டு. ப்ரெவிகான் என்ற மூளைப் புரதத்தின் மரபணுவில் ஒரு துண்டு விடுபட்டதே காரணம். சுருள் ரோமத்தோடும் கண்ணீரில்லாத கண்ணோடும் குட்டி பிறக்கும் இன்னொரு கோளாறுக்கும் மரபணு தெரிந்துவிட்டது. இரண்டு பிரதியும் பழுதானால்தான் நோய் வரும். ஒரு பிரதி மட்டும் பழுதான நாயைப் பழுதற்ற நாயோடு சேர்த்தால் நோயுள்ள குட்டி பிறக்காது. கன்னத்தில் தேய்த்தெடுக்கும் சிறு மாதிரி போதும், தெரிந்துவிடும்.

இத்தனைக்கும் பிறகு இந்த நாயை ஏன் விரும்புகிறார்கள்? ஒன்றோடு ஒரு வாரம் இருந்தால் கேள்வியே எழாது. ஐந்தரை முதல் எட்டுக் கிலோ எடை, முழங்கால் உயரம்கூட இல்லை, வால் நிற்காமல் ஆடும். மடியில் உட்காரும் நாய்தான். ஆனால் தோட்டத்தில் ஒரு மைனா இறங்கினால் பழைய வேட்டைக்காரன் விழித்துக்கொள்வான், பின்னால் பாயும்போது சாலை, வண்டி எதுவும் கண்ணில் படாது. அதனால் வேலியில்லாத இடத்தில் அவிழ்த்துவிடவே கூடாது. திருடனையும் வாலாட்டி வரவேற்கும் இனம் என்பதால் காவலுக்கு உதவாது. குழந்தைகளோடும் முதியவர்களோடும் மற்ற நாய்களோடும் சட்டென்று ஒட்டிக்கொள்ளும். தனிமை மட்டும் தாங்காது. காலையில் பூட்டிவிட்டு இரவு திரும்பும் வீடு இதற்கான வீடு இல்லை.

பராமரிப்பில் முதல் வேலை எடையைப் பிடித்து வைப்பது. கேட்கும்போதெல்லாம் கொடுத்தால் இந்த நாய் பெருத்துவிடும், கேட்பதை ஒருபோதும் நிறுத்தாது. விலா எலும்பு விரலுக்குத் தட்டுப்பட வேண்டும், கண்ணுக்குத் துருத்தக் கூடாது. பலவீனமான வால்வுக்கு ஒவ்வொரு கூடுதல் கிலோவும் சுமை. கழுத்தில் பட்டை மாட்டி இழுப்பதற்குப் பதிலாக மார்பைச் சுற்றிய ஹார்னஸ் போடுவது தண்டுவடத்துக்கும் நல்லது, கழுத்தில் வலி இருந்தால் நடையும் எளிதாகும். காதுக்குப் பின்னும் அக்குளிலும் காலின் பின்புறக் குஞ்சத்திலும் ரோமம் சிக்குப் பிடிக்கும். வாரத்தில் சில நாள் சீப்பு போட்டால் போதும். தொங்கும் காதுக்குள் காற்றோட்டம் குறைவு, அதுவும் நம் ஊர்ப் புழுக்கத்தில் சீக்கிரம் நாற்றமெடுக்கும். வாரம் ஒருமுறை மடலைத் திருப்பி முகர்ந்து பாருங்கள். செவிப்பறைக்குப் பின்னால் பிசினாக நீர் கோத்து, காது கேளாமை தரும் ஒரு நோயும் இவற்றுக்கு வரும். அது வெளியிலிருந்து தெரியாது, கூப்பிட்டால் திரும்பாத நாயைப் பிடிவாதக்காரன் என்று விட்டுவிட வேண்டாம். கண்ணில் பிசுபிசுப்பு தொடர்ந்தால் கண்ணீர் போதுமா என்று காகிதப் பட்டையால் அளந்து பார்க்கச் சொல்லலாம். சித்திரை, வைகாசியில் நடைப்பயிற்சியை விடிவதற்குள் முடித்துவிடுங்கள். சற்றே குறுகிய மூக்கும் அடர்ந்த ரோமமும் உள்ள நாய், அதிலும் இதய நோயாளி, வெயிலில் சீக்கிரம் தளரும்.

தமிழ்நாட்டில் கேவலியர் வளர்ப்பவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது இரத்தப் பரிசோதனைச் சீட்டில் இருக்கிறது. இந்த இனத்து நாய்கள் பலவற்றுக்கு டியூபுலின் என்ற புரதத்தில் உள்ள பிறவி மாற்றத்தால் தட்டணுக்கள் எண்ணிக்கையில் குறைவாகவும் உருவில் பெரிதாகவும் இருக்கும். நாய்க்கு அதனால் எந்தத் தொந்தரவும் இல்லை. ஆனால் எண்ணும் இயந்திரம் பெரிய தட்டணுக்களைத் தட்டணு என்றே கணக்கில் எடுக்காமல் விட்டுவிடலாம், எண்ணிக்கை இன்னும் குறைந்து காட்டும். நம் ஊரில் நாய்க்குத் தட்டணு குறைந்தால் முதலில் நினைவுக்கு வருவது உண்ணிக் காய்ச்சல். அது இங்கே பரவலாக இருப்பதால் அப்படி நினைப்பதும் சரியே. காய்ச்சலோ சோர்வோ இல்லாத கேவலியருக்கு எண் மட்டும் குறைந்திருந்தால், இரத்தப் பூச்சை நுண்ணோக்கியில் கண்ணால் எண்ணச் சொல்லுங்கள். நாய் நலமாக இருக்கும்போதே ஒருமுறை எண்ணி, அதன் இயல்பான அளவைக் குறித்து வைத்திருந்தால், பின்னால் நிஜமாகவே உண்ணிக் காய்ச்சல் வரும்போதும் தாமதமில்லாமல் தெரியும்.

இதயத்தை ஆண்டுக்கு ஒருமுறை மருத்துவர் கேட்க வேண்டும். மர்மர் வந்த உடனே மருந்து வேண்டியதில்லை. எக்கோவில் இதயம் பெரிதாகிவிட்டது தெரிந்தால் அப்போது பிமோபென்டான் தொடங்குவது பயன் தரும். 11 நாடுகளில் 360 நாய்களைக் கொண்டு நடத்தி 2016இல் வெளியிட்ட எபிக் ஆய்வில், அந்தக் கட்டத்தில் இந்த மருந்தைத் தொடங்கிய நாய்களுக்கு இதயச் செயலிழப்பு ஏறத்தாழ 15 மாதங்கள் தள்ளிப்போனது. பத்துப் பன்னிரண்டு ஆண்டே வாழும் ஓர் உயிருக்குப் பதினைந்து மாதம் மிகப் பெரியது. வீட்டில் செய்யக்கூடியது மூச்சை எண்ணுவது. நாய் ஆழ்ந்து தூங்கும்போது விலா எழுந்து தாழ்வதை ஒரு மூச்சாக வைத்து, ஒரு நிமிடம் எண்ணிக் குறித்து வையுங்கள். முப்பதுக்குள் இருந்தால் நல்லது. தொடர்ந்து அதற்கு மேல் போனால் நுரையீரலில் நீர் சேரத் தொடங்கியிருக்கலாம், இருமலுக்காகக் காத்திருக்காமல் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும்.

குட்டி வாங்கப் போகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதும் இந்த இதயத்தை வைத்துத்தான். எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்பது 2017ஆம் ஆண்டு இந்திய விதிகளின்படி குற்றம், அப்படிக் கொடுப்பவரிடம் வாங்க வேண்டாம். நெற்றிப் புள்ளியின் வடிவத்தையும் தந்தை வென்ற கோப்பைகளையும் விற்பவர் தாமாகவே காட்டுவார். நீங்கள் கேட்க வேண்டியவை வேறு. தாயும் தந்தையும் இரண்டரை வயதைத் தாண்டிய பிறகுதான் இணை சேர்ந்தனவா, அப்போது அவற்றின் இதயம் தெளிவாக இருந்ததா, மரபணுச் சோதனைச் சீட்டு உண்டா, எம்.ஆர்.ஐ. எடுத்திருக்கிறார்களா? பிறகு பாட்டன் பாட்டிகளைப் பற்றிக் கேளுங்கள். நான்கும் ஐந்து வயதைக் கடந்தபோது மர்மர் இல்லாமல் இருந்தன என்பதற்கு எழுத்தில் சான்று கேளுங்கள். நோய் வெளிப்படும் வயதை எட்டிப் பார்த்திருப்பவை அந்த நான்கு நாய்கள் மட்டுமே. அவற்றைப் பற்றிச் சொல்ல விற்பவரிடம் எதுவும் இல்லையென்றால், குட்டி எவ்வளவு அழகாக இருந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள்.